சாட்சி நேரம் வந்தாலே மனசு கனத்துப் போகிறது, என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் தங்கை:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு 31 வயது. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். குரூப் 4 மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கட்-ஆஃப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். வரன் வருகிறது, ஜாதகம் பார்க்காத வீடாக இருந்தாலும் நகை பேச்சு வந்ததும் போய்விடுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் புண் ஆறவில்லை, வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஓய்வுநாள் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து வசனம் ஒப்பித்த தோழி ஒருத்தி. கல்லூரி முடித்த பிறகு இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை தோறும் ஒன்றாக உபவாசம் இருந்தோம், அவளுக்காக நானும் எனக்காக அவளும் ஜெபித்தோம். இன்று அவள் கனடாவில். போன மாதம் லீவில் வந்து செம்மண்டலத்தில் கட்டிய வீட்டைப் பிரதிஷ்டை செய்தாள், ஞாயிறு ஆராதனையில் எழுந்து "கேட்டதற்கு மேலாகவே ஆண்டவர் கொடுத்தார்" என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்புறம் பின்பக்கம் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே ஜெபம். அவளுடையது போய்ச் சேர்ந்தது, என்னுடையது எங்கே நின்றது?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்தச் சீட்டில் எனக்கு வந்தது எரேமியா 29:11, உங்கள் பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்பது. அதை பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். ஒப்பிடாதே, ஆண்டவரின் திட்டத்தை நம்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஓல்டு டவுன் கரை:
தங்கச்சி, நான் 30 வருஷம் கடலுக்குப் போனவன். ஒரே விடியலில் பத்து போட் கிளம்பும், ஒருவனுக்கு வஞ்சிரமாக விழும், பக்கத்தில் வலை விட்டவனுக்கு டீசல் காசு தேறாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பாதியில் முதல் தடவை கடலுக்குப் போகும்போது பார்க்க வேண்டும், 61 நாள் சும்மா கிடந்த எல்லோருக்கும் கடன் ஒன்றுபோலத்தான், கரைக்குத் திரும்பும்போது கூடை மட்டும் வேறு வேறு. அதனால் ஒப்பிடாமல் இரு என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன், கண் இருக்கிறவன் பக்கத்துக் கூடையைப் பார்க்கத்தான் செய்வான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. இரண்டு வாரம் கழித்து ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் ஆண்டவர் காத்தார் என்று சாட்சி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. என் காதில் மட்டும் அது "உன் தம்பியைக் காக்கவில்லை" என்று விழுந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

திரும்பி வந்தது யோவான் 21ஆம் அதிகாரத்தால்தான். பேதுருவும் மற்ற சீஷர்களும் ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வருகிறார்கள், கரையில் கரி நெருப்பு போட்டு மீன் வைத்திருக்கிறார் ஆண்டவர், அது எனக்கு எங்கள் ஊர்க் கதை மாதிரி. சாப்பிட்டு முடித்ததும் பேதுருவிடம், நீ முதிர்வயதில் எப்படிச் சாகப்போகிறாய் என்று குறிப்பாகச் சொல்லிவிடுகிறார். யாருக்குத்தான் தாங்கும்? அவன் திரும்பிப் பார்க்கிறான், பின்னால் யோவான் வருகிறான். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று கேட்கிறான். நம் கேள்விதான் அது. ஆண்டவர் சொன்னது: உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா.

முதலில் படித்தபோது "உனக்கென்ன" மட்டும்தான் காதில் விழுந்தது, கோபமாகவும் இருந்தது. பல நாள் கழித்துதான் மீதி விழுந்தது. யோவானின் கணக்கை அவர் பேதுருவுக்குக் காட்டவில்லை. ஆனால் கூட வா என்று கூப்பிடுகிறார், அதுவும் தம்மைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவனை. என் தம்பி விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் பதில் கிடையாது. கூட நடக்கிறேன், அவ்வளவுதான்.

எல்ரோயி78:
கவலைப்படாதே மகளே. யோசேப்பை 17 வயதில் அவன் அண்ணன்மாரே அடிமையாக விற்றார்கள், பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30 வயது. உன் வேளையும் வரும், இரட்டிப்பாக வரும். ஜெபிக்கிறேன்.

மஞ்சக்குப்பம் தங்கை:
ஐயா, உங்கள் தம்பியைப் பற்றிப் படித்துவிட்டு பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன், நன்றி. எல்ரோயி ஆன்ட்டி, உங்கள் அன்பு புரிகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வராவிட்டால்? 40 வயதிலும் இதே பஸ், இதே கணக்கு நோட்டு என்றால்? அப்போதும் திட்டம் என்றுதான் சொல்ல வேண்டுமா?

பண்ருட்டி முந்திரித்தோப்பு:
இந்தக் கேள்விக்காகவே லாக்-இன் செய்தேன். சிஸ்டர், உங்கள் சீட்டில் இருக்கிற வசனத்துக்கு முந்தின வசனத்தைப் படித்தீர்களா? எரேமியா 29:10, பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு. அந்த அதிகாரமே எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம். அதை வாசிக்கக் கேட்டபோது 40 வயதில் இருந்தவர், எழுபது வருஷம் முடிந்து ஊர் திரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்கு சொல்லப்பட்டது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னவர்களைத்தான் அங்கே பொய்த் தீர்க்கதரிசிகள் என்கிறது. ஆன்ட்டியைக் குறை சொல்லவில்லை, நாம் எல்லோரும் 11ஐ மட்டும் வெட்டி எடுத்துச் சீட்டில் அச்சடித்துவிட்டோம், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

அப்படியானால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் போடச் சொல்கிறார். அந்நிய ஊரில், பிடிக்காத இடத்தில். 2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் முந்திரி ஒரே ராத்திரியில் சாய்ந்தது, அப்பா காலத்துப் பலா மரங்களும் போயின. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பில் பாதி நின்றது. எங்கள் அப்பா ஒரு மாதம் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஒட்டுக்கன்று வாங்கிவந்து குழி தோண்ட ஆரம்பித்தார், அறுபது தாண்டிய வயதில். முந்திரி மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும், பலாவை எதற்கு வைக்கிறீர்கள், காய்ப்பதைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "வைக்கிறது என் வேலை" என்றார். அவர் இப்போது இல்லை, பலா காய்க்கிறது.

அதனால் 40 வயதிலும் அதே பஸ்ஸாக இருக்கலாம் சிஸ்டர், இருக்காது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. அந்த பஸ்ஸிலும் அவர் இருப்பார் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். அப்பாவின் புண்ணுக்கு மருந்து கட்டுகிறீர்களே, உங்கள் தோழியின் வீடு ஆண்டவர் கொடுத்தது என்றால் அந்தக் கையும் அவர் கொடுத்ததுதான்.

வில்லியனூர்ப் பெண், பாரிஸ்:
நான் சாட்சி சொல்கிற பக்கத்தில் இருப்பவள். லீவில் ஊருக்கு வரும்போது மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள், மூன்று நிமிடத்தில் நல்லதை மட்டும்தான் சொல்ல வரும். உன் தோழிக்கும் கஷ்டம் இருக்கும், அதை நினைத்து ஆறுதல் அடை என்று சொல்ல வரவில்லை, அடுத்தவர் கண்ணீரைத் தேடுவதும் ஒப்பீடுதான். எனக்கு ஒரு கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளோடு பேசினாயா? வெள்ளிக்கிழமை தோறும் எனக்காக உபவாசம் இருந்த ஒருத்தி எனக்கு ஊரில் உண்டு. என் வேலை உறுதியானதும் அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மஞ்சக்குப்பம் தங்கை:
பேசவில்லை அக்கா. ஏர்போர்ட் கிளம்பும்போது மூன்று தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அவள் ஸ்டேட்டஸை மியூட் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முந்திரித்தோப்பு அண்ணா, 29ஆம் அதிகாரம் முழுவதையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், எழுபது வருஷம் என்றதும் அவர் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். எனக்குக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இன்று காலை பஸ் ரெட்டிச்சாவடி தாண்டும்போது அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பொறாமைப்பட்டேன், அதனால்தான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை சேர்ந்து ஜெபிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறேன். அங்கே இப்போது ராத்திரி. அவள் அந்த மெசேஜை இன்னும் கேட்கவில்லை.