பல மொழி மாணவர்கள் உள்ள வகுப்பில் எல்லாரையும் பேச வைப்பது எப்படி?

கேள்வி:
பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். பல நாடு, பல மொழி, சிலர் தங்கள் குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். விவாதம் என்று வந்தால் அதே நாலைந்து பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் எழுதச் சொன்னால் அருமையாக எழுதுகிறார்கள், வாய் மட்டும் திறப்பதில்லை. பங்கேற்புக்குத் தனி மதிப்பெண் வேறு, அதை இவர்களுக்குக் குறைத்துப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அது 3 விநாடி ஆனதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். இரண்டாம் மொழியில் யோசிப்பவருக்கு அதுவும் போதாது. கேள்வியைப் பலகையில் எழுதிப் போட்டு, ஒரு நிமிடம் தாளில் குறிக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, அப்புறம் பொதுவில் கேளுங்கள்.

பதில் 2:
வேற்று மொழியில் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குடும்பம், திருமணம் என்று பாடம் வந்தாலே ஒரு பேராசிரியர் "உங்கள் நாட்டில் எப்படி?" என்று என்னைப் பார்ப்பார், வகுப்பே திரும்பிப் பார்க்கும். அக்கறையில்தான் கேட்டார், ஆனால் ஒரு நாட்டுக்கே நான் எப்படிப் பதில் சொல்வது? இன்னொருவர் மறுநாள் கேள்வியை முந்தின மாலையே அனுப்பிவிடுவார், அவர் வகுப்பில் நான் பேசாத நாளே இல்லை.

பதில் 3:
இவர்களைப் பின்தங்கியவர்கள் என்று நினைத்துத் தனி வகுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர், கால்குலஸ் என்ற நுண்கணிதப் பாடத்தில் தவறிய கறுப்பின மாணவர்களைக் கவனித்தார். உழைப்பில் குறைவில்லை, தனித்தனியாகப் படித்தார்கள், அவ்வளவுதான். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து விடைகளைச் சரிபார்த்துக்கொண்டார்கள். அவர் கொடுத்தது எளிய கணக்கு இல்லை, கடினமான கணக்கைக் குழுவாகப் போடும் பட்டறை. முடிவுகள் நன்றாகவே மாறின.

கேட்டவர்:
சரி, மதிப்பெண்ணை என்ன செய்ய?

பதில் 1:
பேச்சை மட்டும் பங்கேற்பாக எண்ணாதீர்கள். வகுப்பு முடிவில் எழுதித் தரும் ஒரு பத்தி, குழுவின் குறிப்பு, இணையத்தில் இடும் கேள்வி, எல்லாமே கணக்கில் வரட்டும். எதற்கு எவ்வளவு என்று முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இங்கே எது எதிர்பார்க்கப்படுகிறது என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு தாள் பெரிய விஷயம்.