வெறும் வயிற்றில் 94, மூன்று மாத சர்க்கரை 6.6: எதை நம்புவது?

ஜன்னலோரம்:
வயது 43. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனேன். நீளமாக டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் நேற்று மாலை போனுக்கு வந்தது. வெறும் வயிற்று சர்க்கரை 94. அப்பாடா என்று கீழே வந்தால் எச்பிஏ1சி 6.6, அதுவும் தடித்த எழுத்தில். அதன் கீழே ‘சராசரி குளுக்கோஸ் 143’ என்று இன்னொரு வரி. 94 இருக்கிற உடம்பில் 143 எங்கிருந்து வந்தது? யாருடைய ரத்தமாவது மாறிவிட்டதா? டாக்டரைப் பார்க்க வியாழன் வரை பொறுக்க வேண்டும். வீட்டில் அதற்குள் என்னைச் சர்க்கரை நோயாளி ஆக்கிவிட்டார்கள்.

நடைப்பயிற்சி:
6.5 தாண்டினாலே சர்க்கரைதான். எனக்கு 6.8-லேயே மாத்திரை ஆரம்பித்தார்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ரத்தக்குழாய்:
பதினாறு வருடமாக லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த 143-ஐ யாரும் உங்கள் ரத்தத்தில் அளக்கவில்லை. 6.6-ஐ 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்துப் பாருங்கள், அதுதான் வரும். கம்ப்யூட்டர் தானாகப் போடும் கணக்கு. 6.6 தப்பு என்றால் 143-ம் தப்பு.

சரி, மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதே ரிப்போர்ட்டில் ரத்த அணுக்கள் பக்கம் இருக்கும். ஹீமோகுளோபின், எம்சிவி எவ்வளவு?

ஜன்னலோரம்:
ஹீமோகுளோபின் 9.2. எம்சிவி 70. சர்க்கரையைப் பார்த்த பயத்தில் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை. ஒரு வருடமாக மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரத்தக்குழாய்:
நினைத்தேன். எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்குக் கீழே போனால் அணு சிறுத்திருக்கிறது என்று அர்த்தம். இரும்புச்சத்துக் குறைவில் இப்படித்தான் ஆகும். பரம்பரையாக வரும் தாலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு இருந்தாலும் ஆகும், அதனால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால்தான் தெளிவாகும்.

எச்பிஏ1சி அளப்பது ரத்தத்தில் ஓடும் சர்க்கரையை அல்ல, ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் சுற்றும். நாளாக ஆக ஒட்டுவதும் கூடும். இரும்பு போதவில்லை என்றால் புது அணுக்கள் வருவது குறைந்து, பழையவற்றின் பங்கு கூடிவிடும். சர்க்கரை ஏறாமலே எண் கொஞ்சம் ஏறிவிடலாம். சிவப்பணு சீக்கிரம் உடைகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறு. எண் குறைவாகக் காட்டும், நிம்மதியாகப் போய்விடுவார்கள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் கவலை.

நடைப்பயிற்சி சொன்ன 6.5 சரியான எல்லைதான். ஆனால் சர்க்கரையின் அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். அதற்காக ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றும் இருந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் நன்றாக இருந்து, சாப்பிட்ட பிறகு எகிறுகிறவர்களும் உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் 140-க்குக் கீழே என்றால் இயல்பு, 200-ஐத் தொட்டால் சர்க்கரை.

மழைக்கால மாலை:
எனக்கும் இதே கதைதான். 6.3 இருந்தது, நாலு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்ட பிறகு 5.7. முழுசாக இறங்கவில்லை, எல்லைக்கோட்டில்தான் நிற்கிறேன். அப்புறம், அந்த மாத்திரையில் மலம் கறுத்துப் போகும், பயந்துவிடாதீர்கள்.

ஜன்னலோரம்:
வியாழன் போய் வந்தேன். அவரே குளுக்கோஸ் டெஸ்ட் எழுதினார், நான் கேட்கும் முன்பே. முடிவுகள் இன்று வந்தன: ஃபெரிட்டின் 6, இரண்டு மணி நேரத்தில் 128. இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று, ரத்தப்போக்குக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். 6.6-ஐ ரத்தசோகை சரியான பிறகு திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றார். நான் அதையே கேட்டுக்கொண்டிருக்க, “நீங்க மூச்சு வாங்குதுன்னுதானேம்மா வந்தீங்க?” என்று சிரித்தார்.