பிரெஞ்சு லீஜியன் (வெளிநாட்டுக்காரங்களைச் சேத்துக்குற பிரெஞ்சு ராணுவப் பிரிவு), கூர்க்கா (பிரிட்டிஷ் ஆர்மில இருக்குற நேபாள சோல்ஜர்ஸ்) ஆளுங்கள நேர்ல பாத்துப் பேசினவங்க இருக்கீங்களா?

மார்செய்ல வேலை பாத்தப்போ பக்கத்துல ஓபான்ல ஏப்ரல் 30 விழாவுக்குப் போனேன், லீஜியனோட தலைமையிடம் அங்கதான். 1863ல இதே நாள்ல மெக்ஸிகோல கமரோன்னு ஒரு எடத்துல இவங்க ஆளுங்க 65 பேர் பெரிய படையை எதிர்த்து நாள் பூரா நின்னாங்க, அதுல செத்த கேப்டன் தாஞ்சுவோட மரக்கை இன்னும் இருக்கு, அதைத்தான் மைதானத்துல ஏந்திட்டு வர்றாங்க. நடையே வேற மாதிரி, நிமிஷத்துக்கு 88 அடிதான் எடுத்து வைப்பாங்க, அவ்ளோ ஸ்லோ. பிரான்ஸ் தேசிய நாளான ஜூலை 14 பாரிஸ் பரேட்ல நடந்து போற படைகள்ல இவங்க கடைசியா வர்றதும் அதனாலதான்.

முடிஞ்சதும் வெள்ளை கெப்பி (லீஜியன்காரங்க தொப்பி) போட்ட ஒரு பிரேசில்காரர்ட்ட பேச்சு குடுத்தேன். சட்டைல இஸ்திரி மடிப்பு ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி நிக்குது, ஸ்கேல் வெச்சு அளந்து தேய்க்கணுமாம், கோணலா இருந்தா திரும்ப முதல்லேர்ந்து. சேரும்போது பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாதாம், கஸ்தெல்நொதரிங்கற பிரெஞ்சு ஊர்ல 4 மாச ட்ரெய்னிங்ல பிரெஞ்சு தெரிஞ்ச ஆளோட ஜோடி போட்டு விட்டுட்டாங்க, முதல்ல வந்தது நம்பர்களும் கெட்ட வார்த்தையும்தான்னு சிரிக்கிறார். ஆரம்பத்துல இவருக்கு வேற பேர் குடுத்திருக்காங்க, பின்னாடி சொந்தப் பேருக்கு மாத்திக்கிட்டாராம். ஏன் சேர்ந்தீங்கன்னு கேட்டேன், பீர் வேணுமான்னு கேட்டார். அதுக்கு மேல நானும் நோண்டல.

—

நான் பாத்தது கூர்க்கா. இங்கிலாந்துல ஆல்டர்ஷாட்ல எங்க எதிர் வீட்டுத் தாத்தா, 1997க்கு முன்னாடியே ரிட்டையர் ஆனவர், 2009ல பிரிட்டன் அப்படி ரிட்டையர் ஆனவங்களுக்கான ரூலை மாத்தினப்புறம்தான் இங்க வந்து செட்டில் ஆக முடிஞ்சுது. 60கள்ல போர்னியோல இருந்திருக்கார், சண்டையப் பத்திக் கேட்டா அட்டைப்பூச்சி கதைதான் வரும், பூட்ஸைக் கழட்டினா ரத்தமா இருக்குமாம். ஆனா பென்ஷன் பேச்செடுத்தா மட்டும் மனுஷன் குரலே மாறிடும், கூட நின்ன வெள்ளைக்கார சோல்ஜரை விட ரொம்பக் கம்மியா குடுத்தாங்கன்னு. எனக்கென்னவோ அந்தக் கோவத்துல நியாயம் இருக்குன்னுதான் தோணுது, குண்டு ஆள் பாத்தா வருது?

—

மேல லீஜியன் பத்திப் போட்ட அண்ணா, என் கஸின் ஒருத்தன் இதே ஆசைல சுத்திட்டு இருக்கான், ஏஜென்ட் ஒருத்தன் லட்சக்கணக்குல கேக்குறான். உள்ள போக வழி இருக்கா?

—

ஏஜென்ட்டுக்கு ஒத்தப் பைசா குடுக்காதீங்க தம்பி. லீஜியன்ல சேர ஃபீஸே கிடையாது, பிரான்ஸுக்கு நாமளா வந்து ஆளெடுக்குற எடத்து வாசல்ல நிக்கணும், அவ்ளோதான், விசா ஏற்பாடெல்லாம் அவங்க பண்ண மாட்டாங்க. ஆம்பளைங்க மட்டும், வயசு பதினேழரைலேர்ந்து முப்பத்தொன்பதரைக்குள்ள, முதல் கான்ட்ராக்ட் 5 வருஷம். 3 வருஷம் ஒழுங்கா இருந்தா குடியுரிமைக்கு அப்ளை பண்ணலாம், கேட்டவுடனே கையில குடுத்துடுவாங்கன்னு நினைக்க வேணாம். ஹெல்பர் வேலைன்னு சொல்லி ரஷ்யாவுக்குக் கூட்டிட்டுப் போய் உக்ரைன் சண்டைல தள்ளிவிட்ட கதையெல்லாம் 2024ல நியூஸ்ல பாத்திருப்பீங்க, அதுல மாட்டினவங்களும் ஏஜென்ட்டை நம்பிப் போனவங்கதான். கஸினை முதல்ல புல்-அப்ஸ் எடுக்கச் சொல்லுங்க, சொத்தைப் பல் இருந்தா சரி பண்ணிக்கச் சொல்லுங்க, மெடிக்கல்ல பல்லையும் பாப்பாங்க.