உபுண்டு 22.04: கெர்னல் 6.8-க்கு மாறியதும் என்விடியா டிரைவர் ஏறவில்லை, எச்டிஎம்ஐ மானிட்டருக்கு சிக்னல் இல்லை

பழைய_கீபோர்டு:

லேப்டாப்பில் ஏஎம்டி ரைசன் 5 ப்ராசஸர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 11-உடன் டூயல் பூட் (ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ்), செக்யூர் பூட் (பூட்டில் கையெழுத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) ஆன். உபுண்டு 22.04-ல் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) 5.15 இருந்தவரை டிரைவர் 535 ஒழுங்காக ஓடியது. வைஃபை சரியாகக் கிடைக்கட்டும் என்று எச்டபிள்யூஇ (புதிய ஹார்டுவேருக்கான) கெர்னல் போட்டு 6.8-க்கு மாறினேன். அதிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டர் எழும்பவே இல்லை. லேப்டாப் திரை மட்டும் வருகிறது.

கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்தால் டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. டிரைவர் 535-ஐ பர்ஜ் செய்துவிட்டு (முழுதாக நீக்கிவிட்டு) டிகேஎம்எஸ் (டிரைவரை நம் மெஷினிலேயே கம்பைல் செய்வது) பாக்கேஜோடு மறுபடி போட்டேன். நடுவில் ஏதோ பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்து தானாகப் போய்விட்டது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' 6.8-க்கு 'இன்ஸ்டால்ட்' என்றே காட்டுகிறது. ஆனால் டிரைவரை ஏற்ற 'சூடோ மாட்ப்ரோப் என்விடியா' கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' (சாவி ஏற்கப்படவில்லை) என்கிறது. அடுத்து என்விடியா தளத்தில் இருக்கும் ரன் கோப்பை (நேரடி இன்ஸ்டாலர்) இறக்கிப் போடலாமா?

பூட்_பார்ட்டிஷன்:

ரன் கோப்பு வேண்டவே வேண்டாம். அது ஏப்டுக்கு (உபுண்டுவின் பாக்கேஜ் மேலாளர்) தெரியாமல் கோப்புகளைப் போட்டுவிடும். பிறகு ஏப்ட் ஒன்றை எழுத, ரன் கோப்பு வேறொன்றை வைத்திருக்க, லைப்ரரி ஒரு வெர்ஷன், மாட்யூல் (கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதி) வேறு வெர்ஷன் என்று புதுத் தகராறு முளைக்கும்.

உங்களிடம் டிரைவர் இருக்கிறது, கம்பைலும் ஆகியிருக்கிறது. கெர்னல்தான் அதன் டிஜிட்டல் கையெழுத்தை நம்பவில்லை. செக்யூர் பூட் ஆனில் இருந்தால், நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத சாவியால் கையெழுத்திட்ட மாட்யூலை கெர்னல் ஏற்றாது. ரீஇன்ஸ்டால் செய்யச் செய்ய அதே சாவியால்தான் கையெழுத்தாகும், பலன் ஒன்றுதான். 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' அடித்து, செக்யூர் பூட் ஆனா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். எளிய வழி, பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது. உடனே ஓடும்.

சாவிக்கொத்து:

@பூட்_பார்ட்டிஷன் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், மருந்துதான் இவருக்கு ஒத்துவராது. விண்டோஸ் 11 பக்கத்தில் பிட்லாக்கர் (டிஸ்க் என்கிரிப்ஷன்) ஆனில் இருந்தால், செக்யூர் பூட்டை அணைத்ததும் டிபிஎம் (பாதுகாப்பு சிப்) அளவீடு மாறிவிடும். அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். அதை எடுத்து வைக்காதவர்கள் பயாஸில் கை வைக்கக் கூடாது.

பழைய_கீபோர்டு, 5.15-ல் ஓடியது 6.8-ல் ஏன் நின்றது என்றால்: உபுண்டு சில டிரைவர் வெர்ஷன்களுக்கு மாட்யூலை முன்கூட்டியே கம்பைல் செய்து, கேனானிக்கல் (உபுண்டுவை வெளியிடும் நிறுவனம்) சாவியால் கையெழுத்திட்டுத் தருகிறது. உங்களிடம் பெரும்பாலும் 5.15-க்கான 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-535-ஜெனெரிக்' இருந்திருக்கும். எச்டபிள்யூஇ கெர்னலுக்கு அந்தப் பாக்கேஜ் செல்லாது, அதற்குத் தனிப் பாக்கேஜ். அது இல்லாததால் 6.8-ல் மாட்யூலே கிடைக்கவில்லை. பிறகு நீங்கள் போட்ட டிகேஎம்எஸ் உங்கள் மெஷினிலேயே உண்டான மோக் (மெஷின் உரிமையாளர் பதியும்) சாவியால் கையெழுத்திட்டது. அந்தச் சாவியைப் பதியத்தான் நீலத் திரை வந்தது. அதில் 10 நொடிக்குள் ஒரு கீயை அழுத்தாவிட்டால் பதியாமலே பூட் ஆகிவிடும்.

எச்டிஎம்ஐ இருண்டதற்கும் இதுவே காரணம். டிரைவர் பாக்கேஜ் நூவோ என்ற திறந்த மூல டிரைவரைத் தடுத்து வைத்திருக்கும், என்விடியாவும் ஏறவில்லை. கார்டு அநாதையாகக் கிடக்கிறது. 'எல்எஸ்பிசிஐ -கே' அடித்தால் ஜிடிஎக்ஸ் 1650-க்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியே இருக்காது. உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் அந்தக் கார்டோடு நேராக இணைந்திருக்க வேண்டும், அதனால் அதுவும் செத்துக் கிடக்கிறது.

மாட்யூலில் யார் கையெழுத்து, கோப்பு எங்கே என்று பார்க்க முதலில் இவை இரண்டின் விடையைப் போடுங்கள் (டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான், முதல் கட்டளையின் எஃப் பெரிய எழுத்து):

மாட்இன்ஃபோ -எஃப் சைனர் என்விடியா
மாட்இன்ஃபோ -என் என்விடியா

பழைய_கீபோர்டு:

முதலாவதில் என் மெஷின் பெயரும் 'செக்யூர் பூட் மாட்யூல் சிக்னேச்சர் கீ' என்பதும் வருகிறது. இரண்டாவதில் பாதை 'அப்டேட்ஸ்/டிகேஎம்எஸ்' என்று முடிகிறது. பிட்லாக்கர் ஆனில்தான் இருக்கிறது.

சாவிக்கொத்து:

அப்படியானால் இரண்டு வழி.

ஒன்று, மோக் சாவியைப் பதிவது. 'சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்' (கோப்பின் பெயரில் மோக் பெரிய எழுத்து, ஃபோல்டரில் சிறிய எழுத்து). ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ஒருமுறை உபயோகத்துக்குத்தான், ஆனால் நீலத் திரையில் கீபோர்டு அமெரிக்க லேஅவுட்டில் இருக்கும். எழுத்தும் எண்ணும் போதும், @ # மாதிரிக் குறிகள் வேண்டாம். ரீபூட் செய்து கீபோர்டை விட்டு நகராமல் இருங்கள். 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்', பாஸ்வேர்டு, 'ரீபூட்'. தவறவிட்டால் இம்போர்ட்டிலிருந்து மறுபடி.

இரண்டு, எனக்குப் பிடித்த வழி: கேனானிக்கல் கையெழுத்திட்ட மாட்யூல். 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-535-ஜெனெரிக்-எச்டபிள்யூஇ-22.04' என்ற பாக்கேஜைப் போடுங்கள். கெர்னல் அப்டேட் வரும்போது அதுவும் கூடவே வரும், கம்பைல் வேலையே இல்லை. அதைப் போட்ட பிறகு 'என்விடியா-டிகேஎம்எஸ்-535'-ஐ நீக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். 'அப்டேட்ஸ்' ஃபோல்டரில் இருப்பதற்குத்தான் கெர்னல் முன்னுரிமை தரும். டிகேஎம்எஸ் மாட்யூல் அங்கே இருக்கிறவரை கேனானிக்கலுடையதை அது தொடாது. நீக்கும்போது ஏப்ட் காட்டும் பட்டியலில் 'என்விடியா-டிரைவர்-535' இருந்தால் 'என்' அழுத்தி நிறுத்துங்கள்.

பூட்_பார்ட்டிஷன்:

பிட்லாக்கர் விஷயம் சரி, கவனித்திருக்க வேண்டும். இதே தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்கு ஒன்று: 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' 'இன்ஸ்டால்ட்' என்று காட்டாமல் 'ஆடெட்'-லேயே நின்றால் அது கையெழுத்துப் பிரச்சினை இல்லை, கம்பைலே ஆகவில்லை. கம்பைலுக்குத் தேவையான கெர்னல் ஹெடர் பாக்கேஜ் இருக்கிறதா பாருங்கள். 22.04-ல் இன்னொரு வினையும் உண்டு. எச்டபிள்யூஇ 6.8-ஐ ஜிசிசி (கம்பைலர்) 12-ல் கட்டியிருக்கிறார்கள், சிஸ்டத்தில் டீஃபால்ட் ஜிசிசி 11. கம்பைல் பதிவான மேக்.லாக்-இல் 'எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்' என்ற ஆப்ஷன் தெரியவில்லை என்று வந்தால் 'ஜிசிசி-12' பாக்கேஜைப் போட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டினால் போதும்.

பழைய_கீபோர்டு:

இரண்டாவது வழியில் போனேன். சைனர் இப்போது 'கேனானிக்கல்' என்கிறது, 'மாட்ப்ரோப்' பிழை காட்டாமல் ஏறுகிறது, 'என்விடியா-எஸ்எம்ஐ'யும் கார்டைக் காட்டுகிறது. ஆனால் ரீபூட் செய்தால் மறுபடி ஏறவில்லை.  எந்த கிராஃபிக்ஸ் மோடு என்று கேட்கும் 'பிரைம்-செலக்ட் கொயரி'க்கு 'இன்டெல்' என்று பதில். என் மெஷினில் இன்டெலே இல்லையே?

சாவிக்கொத்து:

உள் கிராஃபிக்ஸ் ஏஎம்டியாக இருந்தாலும் அந்த மோடுக்கு அங்கே பெயர் 'இன்டெல்'தான். அந்த மோடில் என்விடியா மாட்யூல் பூட்டில் ஏறாதபடி பிளாக்லிஸ்ட் (தடைப் பட்டியல்) கோப்பு எழுதிவிடும். 'சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்' (தேவைப்படும்போது மட்டும் அந்தக் கார்டு) கொடுத்து ரீபூட் செய்யுங்கள், எச்டிஎம்ஐயும் வந்துவிடும். 'என்விடியா' மோடு வேண்டாம், எல்லாவற்றையும் அந்தக் கார்டே வரையும், பேட்டரி சீக்கிரம் இறங்கும்.