பாம்பாற்றில் கண்ட கூன்முதுகு மகசீர்

கரூரில் அமராவதிக் கரையில் வளர்ந்த எனக்கு, அந்த ஆறு மலையில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை சிறுவயது முதலே உண்டு. சென்ற ஆண்டு தை மாதத்தில், உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் செல்லும் சாலையில் உள்ள சின்னாறு சரணாலயத்துக்குப் போய், வனத்துறை வழிகாட்டி ஒருவருடன் பாம்பாற்றங்கரையில் நடந்தேன். பாம்பாறும் சின்னாறும் கூடி அமராவதி அணைக்கு வரும் தண்ணீர்தான் எங்கள் ஊரைக் கடந்து காவிரியில் கலக்கிறது.

பாறைகளுக்கு நடுவே தெளிந்த மடு ஒன்றை நெருங்கியபோது, "சார், நிழல் தண்ணியில விழாம உக்காருங்க" என்றார் வழிகாட்டி. கால் மணி நேரம் அசையாமல் இருந்த பிறகு, நீரோட்டத்தை எதிர்த்து நின்ற நான்கு மீன்கள் கண்ணுக்குப் புலப்பட்டன. பெரியது ஒரு முழம் இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகு சட்டென மேலேறியிருந்தது. செதில்களைத் தனித்தனியே எண்ணிவிடலாம் போலிருந்தது. அது திரும்பிய கணத்தில் வெயில் பட்டு வால்துடுப்பு காவி நிறத்தில் ஒளிர்ந்தது. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய கூன்முதுகு மகசீர் அது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியாற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. தூண்டில்காரர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த இந்தப் பெரிய மீனின் அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது. பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை ஆராய்ந்தவர்கள், விலங்கியலாளர் கே. ரேமா தேவியின் பெயரால் அவற்றுக்கு 'டோர் ரேமாதேவி' என்று ஏற்கெனவே பெயரிட்டிருந்தார்கள். நீலகிரிப் பக்கத்து மோயாற்றில் வாழும் கூன்முதுகு மீன்களோடு அவற்றை ஒப்பிட்ட பிறகே இரண்டும் ஒன்றுதான் என்பது தெளிவாயிற்று. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகவும் அறிவிக்கப்பட்டது.

வெடி வைத்து மீன் பிடிப்பதும் அணைகளும் மணல் அள்ளுவதும் செய்த கேடு ஒருபுறம். அதைவிட என்னை வருத்துவது, மகாராஷ்டிரத்தின் லோனாவாலா மீன் பண்ணையிலிருந்து நல்லெண்ணத்துடன் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர், காவிரியின் பெரும்பகுதியில் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான். ஆற்றில் மகசீர் துள்ளுவதைப் பார்ப்பவர்கள், நம் மீன் நலமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆகவே மோயாற்றிலோ ஒகேனக்கல் பக்கமோ மகசீரைக் கண்டவர்கள், அளவைச் சொல்லும்போது வாலின் நிறம் காவியா நீலமா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.