கெட்டிமேளமும் சலூன் மெஷினும்: என் அண்ணன் மகனோடு வெளியே போகும்போது

என் அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் இருக்கிறது. அண்ணன், அண்ணி இருவரும் வேலைக்குப் போவதால் அவனைத் தெரபிக்கும் வெளியிலும் கூட்டிப் போவது பெரும்பாலும் நான்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான இந்தப் பக்கத்தில் அம்மாக்களும் அப்பாக்களும்தான் எழுதுகிறீர்கள், ஒரு அத்தையும் எழுதலாம் என்று நினைக்கிறேன். எதிரே வருகிற மனிதர்கள் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றும். அவன் செய்கிற எதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் அவனை அடக்கப் பார்க்காதீர்கள்.

திருச்சியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான், தொடையில் தாளம்கூடப் போட்டான். திடீரென்று கெட்டிமேளம் கொட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிட்டான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க, ரெண்டு போட்டா வாயை மூடிருவான்" என்றார். அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும், நாம் கவனிக்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும். இவனுக்கு வந்தது மெல்ட்டவுன், அது வேறு. காலையிலிருந்து கூட்டம், வீடியோ லைட், ஊதுவத்தி, கழுத்தில் குத்துகிற சரிகைச் சட்டை என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் மேளச் சத்தத்தோடு அவனால் தாங்க முடியாமல் போகிறது, அதை நிறுத்துவது அவன் கையில் இல்லை. அந்த நேரத்தில் எந்தப் புத்திமதியும் காதில் ஏறாது, அடித்தால் அது இன்னொரு வலிதான். சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போய், பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருந்தால் போதும்.

அன்று சமையற்கட்டுப் பின்னால் பாத்திரம் அடுக்குகிற அறைக்குத் தூக்கிப் போனேன். அங்கே இருந்த சமையல்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார், டியூப்லைட்டை அணைத்தார், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் விசேஷத்துக்குப் போனால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சட்டை, சத்தத்தைக் குறைக்கிற ஹெட்போன். தாலி கட்டுகிற நேரத்துக்கு முன்பே அவனும் நானும் வெளியே வந்துவிடுவோம், அப்புறம் பந்திக்குப் போவோம். அப்பளம் என்றால் அவனுக்கு உயிர்.

முடிவெட்டுவதும் எங்களுக்குப் பெரிய போராட்டமாக இருந்தது. குலதெய்வத்துக்கு மொட்டை போட்டால் பேச்சு வந்துவிடும் என்றும் பலர் சொல்வார்கள். தலையில் தண்ணீர் பட்டாலே நடுங்குகிறவனைக் கூட்டத்துக்கு நடுவே பிடித்து வைத்துச் சவரம் செய்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. எங்கள் தெருமுனை சலூன்கார அண்ணன் மதியம் ஆள் இல்லாத நேரத்தில் வரச் சொன்னார். முதல்நாள் வெட்டவே இல்லை, அணைத்த மெஷினைக் கையில் கொடுத்து நாற்காலியில் சும்மா உட்காரவைத்து அனுப்பினார். பிறகு கத்தரி மட்டும் எடுத்தார், "இன்னும் மூணு வெட்டு, ரெண்டு, ஒண்ணு, முடிஞ்சது" என்று சொல்லிச் சொல்லி வெட்டினார். அடுத்து என்ன, எப்போது முடியும் என்று முன்கூட்டியே காட்டுவதைத்தான் தெரபியிலும் கற்றுத்தருகிறார்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் அவன் பொறுத்துக்கொள்வான்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான், எக்கோலாலியா என்பார்கள். அதில் அர்த்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். "டிக்கெட், சில்லறையா கொடுங்க" என்றான் என்றால் வெளியே போகவேண்டும் என்று கேட்கிறான். ஒருநாள் பேருந்தில் அதையே சொல்லிக்கொண்டு வந்தான், இவன் தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்துக் கண்டக்டர் முறைத்தார். விவரம் சொன்னதும் முகமே மாறிவிட்டது. "போலாம் ரைட் நீ சொல்றா தம்பி" என்றார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவன்தான் சொன்னான். பேச்சே வராத பிள்ளைகளுக்குப் பட அட்டைகள் இருக்கின்றன, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக்காட்டுகிற, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசுகிறது. படத்தைக் காட்டிப் பழகினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படித் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

என்னால் பொறுக்க முடியாதது அண்ணியைக் குறை சொல்வதுதான். "நீ வேலைக்குப் போனதாலதான்", "செல்போன் கொடுத்ததாலதான்" என்று கேட்டுக் கேட்டு அவர் விசேஷங்களுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். 1943ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகு, தாயிடம் பாசம் இல்லாததுதான் காரணம் என்று மேல்நாட்டு மருத்துவர்களே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார், அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்பா. தடுப்பூசிமேல் பழிபோட்ட 1998ம் வருடக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்டெம்செல் சிகிச்சையில் குணமாக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள், ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறைக் குழு 2022லேயே சொல்லிவிட்டது.

புதிதாகத் தெரியவந்த பெற்றோர் இருந்தால், சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, மதிப்பீடும் தெரபியும் அங்கே உண்டு. 2016ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் இருக்கிறது, மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி என்கிற அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். தீபாவளி ராத்திரி உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நாங்கள் ஜன்னலை அடைத்து, ஃபேனை வேகமாக ஓடவிட்டு, ஹெட்போன் போட்டு உட்காரவைக்கிறோம், அப்படியும் பக்கத்துத் தெருவில் சரவெடி வெடித்தால் விடியவிடியத் தூங்குவதில்லை. வேறு ஏதாவது செய்து பலன் கிடைத்தவர்கள் எழுதுங்கள்.