'சோக்' என்பதற்குத் தமிழ்: 'தொடக்கச் செறிவூட்டி' என்ற முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் கலைச்சொல் குழுவில், குளிர்ந்த எஞ்சினை எழுப்ப ஓட்டுநர் இழுக்கும் 'சோக்' (choke) என்ற ஊர்தி உறுப்புக்கு இதுவரை முன்வைக்கப்பட்ட 'மூச்சடைப்பான்', 'காற்றடைப்பி', 'ஜெட் இறக்கி' ஆகிய மூன்று சொற்களையும், அவற்றின்மேல் எழுந்த மறுப்புகளையும் படித்தேன். நான் இங்கிலாந்தில் 1967-இல் செய்யப்பட்ட எம்ஜிபி (MGB) கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே பழுதுபார்த்து ஓட்டி வருகிறேன். காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் இரட்டை எஸ்யூ (SU) கார்புரேட்டர்களைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறவன் என்ற முறையில், இந்த மூன்று சொற்களும் ஒவ்வொரு வகைக் கார்புரேட்டருக்கு மட்டுமே பொருந்துகின்றன என்றும், எல்லா வகைக்கும் பொதுவான செயலிலிருந்து சொல்லைப் பிறப்பிப்பதே சரி என்றும் கருதுகிறேன். நான் முன்மொழிவது 'தொடக்கச் செறிவூட்டி'.

முதல் இரு சொற்களும் 'சோக்' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளைத் தழுவியவை. காற்று நுழையும் வாயில் ஒரு மடலை வைத்து, குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது அந்த மடலை மூடிக் காற்றைக் குறைக்கும் கார்புரேட்டர்களில் அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் எம்ஜிபியின் எச்எஸ்4 வகை எஸ்யூ கார்புரேட்டரில் அப்படி ஒரு மடலே கிடையாது. 'காற்றடைப்பி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும்' என்று தமிழ்க் கையேடு ஒன்று சொன்னால், புதிதாகக் கற்பவர் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். அங்கே அவருக்குத் தெரிவது, மேலிருந்து இறங்கி நிற்கும் கார்புரேட்டர் பிஸ்டனின் (எஞ்சின் பிஸ்டன் அல்ல) அடிப்பகுதி மட்டும்தான். அதையே காற்றடைப்பி என்று அவர் கொண்டுவிட்டால், அதன்பின் செய்யும் ஒவ்வொரு வேலையும் தவறாகப் போகும்.

உண்மையில் அவர் பார்க்கவேண்டிய இடம் கீழே இருக்கிறது. கார்புரேட்டர் உடலின் அடியில், பெட்ரோலை வெளிவிடும் ஜெட் என்னும் சிறு குழல் செங்குத்தாகத் தொங்குகிறது. பெட்ரோலைத் தேக்கிவைக்கும் மிதவைக் கலத்திலிருந்து வரும் மெல்லிய நைலான் குழாய் ஒன்று அதன் அடித்தலையில் சேர்கிறது. டாஷ்போர்டில் உள்ள குமிழை இழுத்தால், கேபிள் ஒரு நெம்புகோலைத் திருப்பி, நெம்புகோல் அந்த ஜெட்டைச் சில மில்லிமீட்டர் கீழே இழுக்கிறது. குமிழை உள்ளே தள்ளினால் சுருள்வில்லின் விசையால் ஜெட் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. இந்த வேலையில் காற்றின் வழி எங்கும் மறிக்கப்படுவதில்லை.

ஜெட் இறங்குவதால் என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் முன்மொழிவின் அடிப்படை அதில்தான் இருக்கிறது. ஜெட்டின் உள்விட்டம் 0.090 அங்குலம். பிஸ்டனிலிருந்து தொங்கும் ஊசி ஒன்று அதற்குள் இறங்கி நிற்கிறது. ஊசி மேலே தடித்தும் கீழே போகப்போக மெலிந்தும் இருக்கும். எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது பிஸ்டன் தானே மேலெழுந்து வழியை அகலமாக்குவதால், ஜெட்டின் வாயருகே அழுத்தக்குறைவு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. ஆகவே எவ்வளவு பெட்ரோல் வெளிவரும் என்பதைத் தீர்மானிப்பது ஊசிக்கும் ஜெட்டின் விளிம்புக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியே. ஊசி இருந்த இடத்தில் இருக்க ஜெட் மட்டும் கீழே இறங்கினால், ஜெட்டின் வாய்க்கு ஊசியின் மெலிந்த பகுதி வந்து சேரும், இடைவெளி அகலும், அதே அளவு காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்கும்.

குளிர்ந்த எஞ்சினுக்கு இது ஏன் வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததே. சூடேறிய எஞ்சினில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் (எடையளவில்) என்ற கலவை முழுமையாக எரியும். குளிரில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே ஆவியாகிறது. மிச்சம் உள்வழிக் குழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் எரியத்தக்க ஆவி போதிய அளவு சேரவேண்டுமானால் பெட்ரோலைக் கூட்டித்தான் அனுப்பவேண்டும்.

மடல் வகையிலும் இதே நோக்கம்தான். மடல் மூடியதும் அதற்குப் பின்னால் அழுத்தம் பெரிதும் குறைந்து, பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. காற்றைக் குறைத்தாலும் பெட்ரோலைக் கூட்டினாலும் கிடைப்பது செறிவான கலவையே. வழிமுறையைக் கொண்டு பெயரிட்டால் சொற்கள் வண்டிக்கு வண்டி மாறும். விளைவைக் கொண்டு பெயரிட்டால் ஒரே சொல் எங்கும் நிற்கும்.

'ஜெட் இறக்கி' என்று முன்மொழிந்த ஐயா அவர்கள் எஸ்யூவை அறிந்து எழுதியிருக்கிறார் என்பது தெளிவு. மூன்றில் அதுவே எனக்கு மிக நெருக்கமான சொல். ஆயினும் 1970-களின் தொடக்கத்தில் எம்ஜிபிக்கு வந்த எச்ஐஎஃப்4 வகையில் ஜெட் இறங்குவதில்லை. அதில் சிறு சுழல் வால்வு ஒன்று திறந்து, தனி வழியாகக் கூடுதல் பெட்ரோலை விடுகிறது. ஒரே பெயருள்ள வண்டியின் இரு காலகட்டங்களுக்கே பொருந்தாத சொல்லை நாம் கலைச்சொல்லாக ஏற்பது கடினம். நம் ஊரில் பலர் ஓட்டிய பஜாஜ் சேட்டக்கிலும் இப்படித்தான்: காற்று வாயை மூடும் மடல் அதில் இல்லை, 'சோக்' இழுத்தால் தனி வழி ஒன்று திறந்து கலவை செறிவாகும். ஆண்டுக்கணக்காக 'சோக்' என்றே சொல்லிவந்த நாம், பலமுறை அந்தச் சொல்லின் நேர்ப்பொருளுக்குப் பொருந்தாத ஓர் உறுப்பைத்தான் குறித்து வந்திருக்கிறோம்.

'சோக்' என்ற சொல்லையே அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்ற கருத்தும் இங்கே வந்தது. பேச்சில் அது வாழட்டும்; நானும் கொட்டகையில் அப்படித்தான் சொல்கிறேன். எழுத்தில் அது போதாது. குழல்விளக்கின் சோக் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வேறொரு பொருள். வெபர் வகைக் கார்புரேட்டரின் பட்டியல்களில், காற்று வழியின் குறுகிய தொண்டைக்கும் 'சோக்' என்றே பெயர். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் எஸ்யூவைக் கழற்றிவிட்டு வெபர் மாட்டுகிறவர்கள் உண்டு என்பதால், ஒரே கட்டுரையில் இரு பொருளும் வந்து மோதும்.

இனி 'செறிவூட்டி' என்ற பகுதி. பள்ளி வேதியியலில் கரைசலின் செறிவு என்று படித்திருக்கிறோம்; நியாயவிலைக் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி என்ற சொல்லையும் பார்க்கிறோம். ஆகவே இச்சொல்லை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 'செறிந்த கலவை', 'மெலிந்த கலவை' என்ற எதிரிணையும் அதனோடு இயல்பாகக் கிடைக்கிறது. 'வளமான கலவை' என்று ஒருவர் எழுதியிருந்தார். வளம் என்பது நன்மையைச் சுட்டும் சொல் என்பதால் அதை ஏற்கத் தயங்குகிறேன். சூடேறிய எஞ்சினுக்குச் செறிந்த கலவை தொடர்ந்து போனால் தீப்பொறிப் பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலையே நீர்த்துப்போகச் செய்யும். அதை வளம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

'தொடக்க' என்ற அடை எதற்கு என்று கேட்கலாம். எஸ்யூவில் செறிவூட்டுகிற வேறோர் உறுப்பும் இருப்பதுதான் காரணம். பிஸ்டனின் தண்டுக்குள் எண்ணெய் ஊற்றி, அதில் ஒரு தணிப்பானை இறக்கி வைத்திருப்பார்கள். ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது அந்த எண்ணெய் பிஸ்டனின் எழுச்சியைத் தாமதப்படுத்த, அந்த நொடியில் அழுத்தக்குறைவு மிகுந்து கலவை செறிவாகிறது. அது ஓட்டத்தில் நிகழ்வது. ஓட்டுநர் கைவைக்காமல் நிகழ்வது. குளிர்ந்த எஞ்சினைத் தொடங்குவதற்காகக் கையால் இயக்கும் உறுப்பை அதிலிருந்து பிரித்துக்காட்ட இந்த அடை தேவைப்படுகிறது. ஒருமுறை முழுப்பெயரைச் சொன்னபின் அதே கட்டுரையில் 'செறிவூட்டி' என்று சுருக்கிக்கொள்வதில் தவறில்லை.

ஒரு கலைச்சொல்லை ஏற்பதற்கு முன் அதை வேலைக் குறிப்பு ஒன்றில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஊசிக்கு நேர்நடுவில் ஜெட் நிற்கிறதா என்று சோதிக்கும் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 'தணிப்பானைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனை விரலால் உயர்த்திக் கீழே விடவும், உடலில் மோதும் தெளிவான ஒலி கேட்கவேண்டும். பிறகு தொடக்கச் செறிவூட்டியை முழுக்க இழுத்து, ஜெட் இறங்கிய நிலையில் மீண்டும் விடவும். இரண்டாம் முறை ஒலி கூர்மையாகவும் முதல் முறை மந்தமாகவும் இருந்தால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை நடுப்படுத்தவேண்டும்.' இதில் 'மூச்சடைப்பானை முழுக்க இழுத்து' என்று மாற்றிப் படித்தால், ஜெட் ஏன் இறங்குகிறது என்பதே விளங்காமல் வாக்கியம் அறுந்து நிற்கிறது.

பழுது பார்ப்பதிலும் இதே தெளிவு உதவும். எச்எஸ்4-இல் அடிக்கடி வருகிற கோளாறு, குமிழை உள்ளே தள்ளிய பின்னும் ஜெட் முழுவதும் மேலேறாமல் பாதியில் நின்றுவிடுவது. ஜெட்டின் வெளிப்புறத்தில் பெட்ரோலின் பழுப்புப் பசை படிந்திருக்கும், அல்லது கேபிள் இறுகலாக மாட்டப்பட்டிருக்கும். இரட்டைக் கார்புரேட்டரில் ஒன்று ஏறி மற்றொன்று நின்றுவிட்டால், ஒரு கார்புரேட்டருக்குரிய இரு சிலிண்டர்களின் பிளக்குகள் மட்டும் கறுத்திருக்கும். ஜெட்டின் அடித்தலையை விரலால் மேல்நோக்கி அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏறுமானால் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. 'செறிவூட்டி திரும்பவில்லை' என்று எழுதினால், படிக்கிறவருக்குக் கறுத்த பிளக்கின் காரணமும் அதே சொல்லில் கிடைக்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று கலவைத் திருத்தம். ஜெட்டுக்கு அடியில் உள்ள ஆறு பட்டை நட்டைத் திருப்பி ஜெட்டின் நிலையான உயரத்தை மாற்றுவது அது. ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் திருப்பவேண்டும். இறக்கினால் செறியும், ஏற்றினால் மெலியும். பிறகு பிஸ்டனைச் சுமார் 0.8 மில்லிமீட்டர் உயர்த்திப் பார்த்து, எஞ்சின் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை செறிவு என்றும், அணையப் பார்த்தால் மெலிவு என்றும், சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி என்றும் கொள்ளவேண்டும். நட்டின் முகத்துக்குப் 'பட்டை' என்ற சொல்லை அம்பாசிடர் மெக்கானிக் ஒருவரிடமிருந்து கற்றேன். பழைய அம்பாசிடர்களில் எஸ்யூ கார்புரேட்டரே இருந்தது. அதன் 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி வரிசையைச் சேர்ந்தவை. ஆகவே இந்த உறுப்புகளைக் கையாண்ட தமிழ்க் கைகள் ஏராளம். 'முகப்பு', 'தளம்' என்று நாம் புதிதாக ஆக்காமல் 'பட்டை'யையே பட்டியலில் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலுக்கான வரையறையை இவ்வாறு அமைக்கலாம்: 'தொடக்கச் செறிவூட்டி: குளிர்ந்த எஞ்சினைத் தொடங்குவதற்காகக் கலவையில் பெட்ரோலின் பங்கைத் தற்காலிகமாகக் கூட்டும் அமைப்பு. காற்றுவழி மடலை மூடுதல், ஜெட்டை இறக்குதல், தனி வழியைத் திறத்தல் ஆகியவற்றுள் ஒன்றால் இயங்கும்.' மடலைத் தனியே சுட்டவேண்டிய இடத்தில் 'காற்றடைப்பு மடல்' என்று எழுதலாம். அந்த அளவில் 'காற்றடைப்பி' என்ற முன்மொழிவும் வீணாகவில்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. எச்எஸ்4-இல் குமிழை இழுக்கும் முதல் சிறு தூரத்தில் ஜெட் அசைவதே இல்லை. புடைப்புத் தகடு ஒன்று த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் மடலை) மட்டும் சற்றுத் திறந்து, நின்ற இடத்தில் ஓடும் வேகத்தைச் சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுகளுக்குச் சற்று மேலாக உயர்த்துகிறது. எஞ்சின் பாதி சூடேறிய நிலையில் ஓட்டுநர் குமிழை அந்த இடத்தில்தான் நிறுத்தி வைப்பார். அப்போது செறிவூட்டல் நடப்பதில்லை என்பதால், இந்த நிலைக்குத் தனிச்சொல் வேண்டும். 'உயர் நிலையோட்டம்' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன்; 'நிலையோட்டம்' என்பது ஓடாமல் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஓட்டத்தைச் சரியாகக் குறிக்கிறதா என்பதை, லாரிப் பட்டறைகளில் பழகிய உறுப்பினர்கள் தெளிவுபடுத்தினால் அடுத்த பட்டியலில் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.

அன்புடன்.